படகு மோட்டாரின் தாகம்

கல்மண்டபத்திலிருந்து காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தே போய்விடலாம். அங்கே படகுகளின் பின்பலகையில் அவுட்போர்டு மோட்டார் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். காரில் இருப்பதுபோல் அதற்கு ரேடியேட்டர் கிடையாது. பின் அதன் சூட்டைத் தணிப்பது எது?

என் மாணவன் ஒருவன், மீனவர் வீட்டுப் பிள்ளை, ஒருநாள் கவலையோடு வந்தான். அவன் அப்பா கடன் பட்டு வாங்கிய பழைய மோட்டார் நடுக்கடலில் இறுகி நின்றுவிட்டது. துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தார்களாம். "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டால் சூடே ஏறாது என்கிறார்கள். செய்யலாமா, சார்?"

பதிலுக்கு முன் ஒரு கணக்குப் போடுவோம். பத்துக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்று விநாடிக்கு 8 கிலோஜூல் வெப்பத்தைக் குளிர்நீருக்குத் தருவதாகக் கொள்வோம். ஒரு கிலோகிராம் கடல்நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஏறக்குறைய 4 கிலோஜூல் வேண்டும். 28 பாகையில் உள்ளே போகும் நீர் 58 பாகையில் வெளியேறினால், ஒவ்வொரு கிலோகிராமும் 120 கிலோஜூலைச் சுமந்து செல்லும். ஆக நிமிடத்துக்கு 4 கிலோகிராம், அதாவது நம் வீட்டுக் குடம் ஒன்று நான்கு நிமிடத்துக்குள் காலி! இந்த நீரைக் கடலிலிருந்து உறிஞ்சி மேலே தள்ளுவது, விசிறிக்கு மேலே தண்டில் சுழலும் சிறிய ரப்பர்ச் சக்கரம். இம்பெல்லர் என்பார்கள். நீர் சிலிண்டரைச் சுற்றிவிட்டுப் புகையோடு சேர்ந்து கடலுக்கே திரும்பிவிடும்.

நீர் நின்றுபோனால்? பத்துக் கிலோ அலுமினியத்தை ஒரு பாகை சூடாக்க 9 கிலோஜூல் போதும். எனவே விநாடிக்கு ஒரு பாகை வீதம் சூடேறும். அலுமினிய பிஸ்டன், அதைச் சூழ்ந்த இரும்பு உறையைவிட இரு மடங்கு விரிவது. இடைவெளி மறைந்து பிஸ்டன் இறுகிப்போகிறது. எல்லாம் இரண்டொரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

மாணவன் கொண்டுவந்த தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, வெப்பநிலைமானியுடன் வெந்நீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டோம். 60 பாகை வாக்கில் ஒழுங்காகத் திறந்தது. அதன்மேல் குற்றமில்லை! அதைக் கழற்றினால் மெதுவாக ஓடும்போது மோட்டார் அளவுக்கு மீறிக் குளிர்ந்து, எரிபொருள் சரியாக ஆவியாகாமல் கரி படியும். சிலர் கார் தெர்மோஸ்டாட்டைப் பொருத்துவதும் உண்டு. அது திறப்பது 80 பாகைக்கு மேல். சர்க்கரை சூடான நீரில் அதிகம் கரையும். கடல்நீரிலுள்ள கால்சியம் கார்பனேட்டோ சூட்டில் குறைவாகவே கரையும். 80 பாகையில் அது வெண்ணிறப் படிவமாகி நீர்வழியை அடைக்கும். கடல்நீர் மோட்டாருக்கு 60 பாகையை வைத்ததன் காரணம் இதுவே.

உண்மைக் குற்றவாளி இம்பெல்லர்தான். கலங்கல் நீரின் மணல் அரைத்து, அதன் இதழ்கள் தேய்ந்திருந்தன. நீர் வெளியேறும் வழி கடலுக்கடியில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. இன்றைய மோட்டார்களில் பக்கவாட்டில் மெல்லிய நீர்த்தாரை பீய்ச்சுவதைக் காணலாம். பல பழைய மோட்டார்களில் அது இல்லை.

ஆகவே செய்த மாற்றம் எளியது. புது இம்பெல்லர் போட்டபின், நீருறையின் மூடியில் மிக உயரமான இடத்தில், சுமார் 3 மில்லிமீட்டர் துளையிட்டுக் குழாய் பொருத்தினார் மெக்கானிக். ஏன் உயரத்தில்? காற்றும் நீராவியும் மேலேதான் தேங்கும். அங்கிருந்து நீர் வந்தால் உறை முழுவதும் நிரம்பியிருக்கிறது என்று பொருள். துளை தெர்மோஸ்டாட்டுக்கு முன்பாகவே இருக்கவேண்டும். இல்லையேல் அது மூடியிருக்கும்போது தாரை வராமல் வீண் பயம் உண்டாகும். துளை பெரிதானால் குளிர்நீர் வீணே வெளியேறும். பித்தளை முனை வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். உப்புநீரில் பித்தளையும் அலுமினியமும் சேர்ந்தால் மின்கலமாகி அலுமினியத்தை அரித்துவிடும். நைலான் முனையே பொருத்தினார்கள்.

அடுத்த மாதம் தாரை ஒருமுறை நின்றது. மாணவனின் அப்பா உடனே மோட்டாரை நிறுத்தி, துளையில் மெல்லிய கம்பியை விட்டுக் குத்தினார். வெளியே வந்தது ஒரு மீன்செதில்.