நேர் ரோட்டில் அலையும் பழைய கார்: அலைன்மென்ட் கடைசி வேலை!

ஆனி, ஆடி மாதங்களில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குக் கார் ஓட்டிப் போனவர்களுக்கு முப்பந்தல் காற்றைத் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். நல்ல நிலையில் உள்ள கார் என்றால் ஸ்டியரிங்கை லேசாகத் திருத்தியதும் கேட்டுக்கொள்ளும். இருபது வயதைத் தாண்டிய பல கார்கள் அப்படிக் கேட்பதில்லை. கொஞ்சம் திருப்பினால் ஒன்றும் நடக்காது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் சட்டென்று கூடுதலாகப் போய்விடும். உடனே எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். கணவாயைக் கடப்பதற்குள் தோள்பட்டை இறுகிவிடும்.

ஊர் வந்ததும் காற்றின் மீது பழியைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். காற்று புதிதாக எந்தக் கோளாறையும் உண்டாக்கவில்லை. அடியில் ஏற்கெனவே இருந்த தேய்மானத்தைத்தான் வெளிக்காட்டியது. 80 கி.மீ. வேகத்தில் கார் ஒரு வினாடிக்கு 22 மீட்டர் போகிறது. அந்த வேகத்தில், பக்கத்தில் பஸ்ஸும் லாரியும் போகும்போது, ஸ்டியரிங் சொன்ன சொல் கேட்காவிட்டால் அது உயிர் விஷயம்.

இப்படிப்பட்ட வண்டிக்கு நம் ஊரில் எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "அலைன்மென்ட் பண்ணிடுங்க சார்!" பண்ணுகிறோம். இரண்டு வாரம் சரியாக இருப்பதுபோல் தோன்றும், பிறகு பழையபடி அலையும். காரணம் எளிது. அலைன்மென்ட் என்பது சக்கரங்களின் கோணத்தை மி.மீ. கணக்கில் வைக்கும் வேலை. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டே இரண்டு மி.மீ. ஆடும்போது, அதை வைத்துக்கொண்டு ஒரு மி.மீ. துல்லியத்தில் டோ (சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) வைத்து என்ன பயன்? மெஷின் காட்டும் எண் வண்டி அந்த மேடையில் நிற்கும்வரைதான் உண்மை. முதல் பள்ளத்தில் இறங்கியதும் அது மாறிவிடும். எனவே முதலில் ஆட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், அலைன்மென்டைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அலைகிறதா, இழுக்கிறதா?

மெக்கானிக்கிடம் போகும் முன் வண்டி என்ன செய்கிறது என்பதை நீங்களே கவனித்து வையுங்கள். எப்போதும் ஒரே பக்கம் போனால் அது இழுப்பு. இரண்டு பக்கமும் மாறி மாறிப் போனால் அலைச்சல். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் முதலில் வீல் பேலன்சிங் பார்க்க வேண்டும். இந்த மூன்றுக்கும் காரணங்கள் வேறு வேறு.

எப்போது நடக்கிறது என்பதும் முக்கியம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஒரு பக்கம் போனால் பிரேக் காலிப்பரையும் முன்பக்க ரப்பர் புஷ்களையும் சந்தேகிக்கலாம். மாருதி 800-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைத்திருப்பது ஸ்டெபிலைசர் பார். அதன் புஷ் கிழிந்துவிட்டால் பிரேக் மிதித்ததும் சக்கரம் பின்னால் நகரும், ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் முன்னால் வரும். ஸ்டியரிங் அசையாமலே வண்டி திசை மாறும். சிறிய ரப்பர் துண்டு செய்யும் இந்த வேலைக்கு எத்தனையோ பேர் ஸ்டியரிங் ரேக்கையே மாற்றியிருக்கிறார்கள்.

டயரைப் படியுங்கள்

சோதனையைத் தொடங்க வேண்டிய இடம் டயர். காலையில் வண்டி ஓடாமல் குளிர்ந்து இருக்கும்போது நான்கிலும் காற்று அளவைப் பாருங்கள். அளவு கையேட்டில் இருக்கும். பிறகு உள்ளங்கையை டிரெட் மேல் குறுக்கே, முதலில் உள்ளிருந்து வெளியேயும் அடுத்து வெளியிலிருந்து உள்ளேயும், தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பப்பல் போலவும் தட்டுப்பட்டால் டோ தவறு. இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஆங்காங்கே குழிகுழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கிறது, அல்லது ஏதோ ஒரு ஜாயின்ட் ஆடுகிறது.

குறைவாக ஓடும் பழைய கார்களில் டிரெட் நன்றாகவே இருக்கும், ரப்பர் மட்டும் கட்டையாகிவிட்டிருக்கும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2314 என்றால் 2014-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. வண்டி ஒரே பக்கம் இழுத்தால் முன் டயர்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர்தான். ஒரு திசையில் மட்டுமே சுழல வேண்டிய டயர்களில் இந்தச் சோதனை வேண்டாம்.

தரையில் நிற்கும்போதே பாருங்கள்

பல ஒர்க்‌ஷாப்களில் வண்டியை உடனே ஜாக்கியில் தூக்கிவிடுகிறார்கள். ஆனால் ஸ்டியரிங் ஜாயின்டுகளின் ஆட்டம் நன்றாகத் தெரிவது சக்கரம் தரையில் பதிந்து, வண்டியின் எடையைத் தாங்கி நிற்கும்போதுதான். வண்டியைப் பிட் மேல் நிறுத்தி, ஒருவர் ஸ்டியரிங்கை இடம் வலமாகச் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும். இன்னொருவர் கீழே நின்று ஒவ்வொரு ஜாயின்டாகப் பார்க்க வேண்டும்.

டை ராட் எண்டின் மேல் விரல்களை வையுங்கள், பாதி விரல் ராடிலும் பாதி ஸ்டியரிங் ஆர்மிலும் படும்படி. நல்ல ஜாயின்டில் இரண்டும் ஒரே நொடியில் நகரும். தேய்ந்த ஜாயின்டில் ராட் முதலில் நகரும், குண்டு அதன் கூட்டுக்குள் ஒரு துளி எழும்பும், அதன் பிறகே ஆர்ம் அசையும். அந்த இடைவெளி கண்ணில் படாவிட்டாலும் விரல் நுனியில் 'டக்' என்று படும். ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் காய்ந்து மண்ணோடு கருத்திருந்தால் அங்கேதான் முதலில் கை வைக்க வேண்டும்.

இதே முறையில் ரேக்கை பாடியோடு பிடித்திருக்கும் கிளாம்ப்பின் புஷ், ஸ்டியரிங் தண்டின் (காலம்) அடியில் உள்ள ஜாயின்ட், உள்பக்க ரேக் எண்ட் எல்லாவற்றையும் பாருங்கள். ரேக் முழுதாகவே பக்கவாட்டில் நகர்ந்தால் கோளாறு ரேக்கில் இல்லை, கிளாம்ப் புஷ்ஷில் இருக்கிறது.

ஜாக்கி போட்ட பிறகு

வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஸ்டாண்டு வைத்த பிறகே கை வையுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங், பால் ஜாயின்ட், கிங் பின் ஆகியவற்றில் ஒன்று. எது என்று பிரிக்க எளிய வழி உண்டு. ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங். அப்படியே இருந்தால் பால் ஜாயின்ட் அல்லது கிங் பின். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் பக்கம் போங்கள்.

புஷ்களைக் கையால் அசைத்துப் பார்த்து முடிவு செய்ய முடியாது. லிவரை நுழைத்து நெம்ப வேண்டும். ரப்பர் வெளிவட்டத்திலிருந்து விட்டுப் பிரிவது அப்போதுதான் தெரியும். புதிய புஷ் போடும்போது ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது போல்ட்டைக் கடைசி இறுக்கம் இறுக்கக் கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, அது இயல்பாக நிற்கும் உயரத்தில் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

இறுக்கமும் கோளாறுதான்

ஆட்டம் மட்டுமே அலைச்சலுக்குக் காரணம் என்று நினைத்தால் பாதிக் கேஸ்கள் பிடிபடாது. திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேராக வர வேண்டும். பால் ஜாயின்ட் வறண்டு இறுகியிருந்தாலோ, ஸ்ட்ரட்டின் மேல் பேரிங் சிக்கினாலோ அது திரும்பாது, வைத்த இடத்திலேயே நிற்கும். ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் தானே திருப்பிக் கொண்டுவர வேண்டியிருப்பதால் வண்டி பாம்புபோல வளைந்து வளைந்து போகும். அம்பாசிடரின் முன்பக்கத்துக்குக் கிரீஸ் அடிக்காமல் விட்டால் நடப்பதும் இதுதான். 'நிப்பிள் அடைத்திருக்கிறது' என்று தாண்டிப் போகாமல், நிப்பிளை மாற்றி, பழைய கிரீஸ் வெளியே வழியும்வரை அடிக்க வேண்டும்.

பிரீமியர் பத்மினிக்கு வேறொரு ஆபத்து உண்டு. அதில் இருப்பது ரேக் அல்ல, ஸ்டியரிங் பாக்ஸ். நேராக ஓட்டும் நேரமே அதிகம் என்பதால் பாக்ஸின் பற்கள் நடுப்பகுதியில்தான் அதிகம் தேயும். ஆட்டத்தைப் போக்க அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவை இறுக்குகிறார்கள். நடுவில் ஆட்டம் போய்விடும், ஆனால் தேயாத ஓரங்களில் பற்கள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் திரும்பி வராது. ஸ்க்ரூவைத் தொடும் முன் ஐட்லர் ஆர்ம், டை ராட், பாக்ஸை பாடியோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் மூன்றையும் பார்த்தாக வேண்டும்.

பின்பக்கமும் ஸ்டியரிங் செய்யும்

முன்பக்கம் முழுவதும் மாற்றியும் அலைந்தால் பின்னால் போங்கள். அம்பாசிடர், பத்மினி, ஆம்னி போன்ற லீஃப் ஸ்பிரிங் வண்டிகளில் பின் ஆக்ஸிலைப் பிடித்து வைத்திருப்பதே அந்த ஸ்பிரிங்தான். ஷேக்கிள் புஷ் தேய்ந்தாலோ, யூ போல்ட் தளர்ந்தாலோ, சென்டர் போல்ட் உடைந்தாலோ ஆக்ஸில் ஒரு பக்கம் நகரும். 1.2 மீட்டர் அகலத்தில் ஒரு பக்கம் 5 மி.மீ. பின்னால் போனால் ஏறக்குறைய கால் டிகிரி கோணம் உண்டாகிறது. பின் சக்கரங்கள் வண்டியைத் திருப்ப அது போதும். காயில் ஸ்பிரிங் வண்டியில் டிரெயிலிங் ஆர்ம் புஷ்களைப் பாருங்கள்.

லோடுக்காகப் பின்பக்கம் கூடுதல் லீஃப் சேர்ப்பதும், ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகுவதும் நம் ஊரில் வழக்கம். பின்பக்கம் உயர்ந்தால் வண்டி முன்பக்கம் தாழ்ந்து நிற்கும், காஸ்டர் கோணம் குறையும். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது, கையை விட்டாலும் ஹேண்டில் நேராக நிற்க உதவுகிறது. காருக்கு அந்தச் சாய்வுதான் காஸ்டர். அது குறைந்தால் நேராகப் போகும் குணமே குறையும்.

பிறகு அலைன்மென்ட்

இவ்வளவும் முடிந்த பிறகே அலைன்மென்ட். காற்றைச் சரியாக நிரப்பி, டிக்கியில் உள்ள மூட்டைகளை இறக்கிவிட்டுப் போங்கள். முதலில் காஸ்டர், கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் அளவு), கடைசியில் டோ என்பதே முறை. முன், பின் அளவுகள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். பல சிறிய கார்களில் காஸ்டரைத் திருத்த வசதியே இல்லை. அது இரண்டு பக்கமும் பெரிதும் வேறுபட்டால் லோயர் ஆர்மோ ஸ்ட்ரட்டோ வளைந்திருக்கிறது என்று பொருள். வளைந்ததை மாற்றாமல் டோவைத் திருகிச் சமாளித்தால் டயர்தான் பலியாகும்.

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 98-வது விதி, ஸ்டியரிங் வீலில் 30 டிகிரிக்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது என்கிறது. ஜாயின்டுகளுக்கு ரப்பர் உறை வேண்டும் என்றும் சொல்கிறது. 37 செ.மீ. விட்டமுள்ள ஸ்டியரிங்கில் 30 டிகிரி என்பது விளிம்பில் ஏறக்குறைய 10 செ.மீ.! அது சட்டத்தின் கடைசி எல்லை மட்டுமே. ரேக் பொருத்திய கார் இரண்டு விரல் அகலம் ஆடினாலே சோதிக்க வேண்டும். 15 ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கும் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கண்ணாடி, கதவு, லைட் என்று சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்குவதில் தவறில்லை. டை ராட் எண்ட், பால் ஜாயின்ட், புஷ் மூன்றையும் மட்டும் புதிதாகவே வாங்குங்கள். இன்னொரு வண்டியில் தேய்ந்ததைக் கழற்றி நம் வண்டியில் போட்டால் தேய்மானம்தான் இடம் மாறுகிறது.

பழைய காரை வாங்குபவர்களில் பலர் முதல் முறையாகக் குடும்பத்தோடு நாலு சக்கரத்தில் ஏறுபவர்கள். வண்டி பழசு, அப்படித்தான் இருக்கும் என்று அவர்களிடம் யாரும் சொல்லக் கூடாது. இந்தக் கார்கள் ஆலையிலிருந்து வரும்போது நேராகத்தான் ஓடின. தேய்ந்ததை மாற்றினால் இன்றும் நேராக ஓடும். எனவே அலைன்மென்ட் பண்ணச் சொன்னால், "முதலில் எந்த ஜாயின்ட் ஆடுகிறது, காட்டுங்கள் அண்ணே" என்று கேளுங்கள். பிட்டில் இறங்கி, உங்கள் விரலை அந்த ஜாயின்டின் மேல் வைத்துக் காட்டும் மெக்கானிக்கிடம் வண்டியைத் தாராளமாக விடலாம்.