'மிக்சிங்': நீரும் நேரமும்

"மிக்சிங் என்னங்ணா?" சனிக்கிழமை சம்பள இரவுகளில் திருப்பூர் பார்களில் ஓயாமல் காதில் விழும் கேள்வி. தண்ணிப் பாக்கெட்டா, சோடாவா என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. 'காக்டெய்ல்' என்றால் அது மேட்டுக்குடிச் சமாச்சாரம். இந்த எதிர்வு எதன்மேல் நிற்கிறது? ஒரு காக்டெய்லைப் பிரித்துப் பார்ப்போம்.

திருப்பூர் பனியன் கப்பலேறிப் போகும் நியூயார்க்கில் 19ஆம் நூற்றாண்டில் உருவானது 'மன்ஹாட்டன்'. ரை தானிய விஸ்கி 60 மி.லி., மூலிகை ஊறிய திராட்சை மதுவான இனிப்பு வெர்மூத் 30 மி.லி., அங்கோஸ்டுரா கசப்புச் சாறு சில சொட்டு. பெரிய ஐஸ் கட்டிகளோடு நீளக் கரண்டியால் அரை நிமிடம் நிதானமாகக் கலக்கி வடிக்க வேண்டும். குலுக்கினால் காற்றுப் புகுந்து கலங்கலாகிவிடும்.

கலக்கும்போது நடப்பது இதுதான்: ஐஸ் தான் உருகுவதற்கான வெப்பத்தை மதுவிலிருந்து உறிஞ்சுகிறது. மது குளிர்கிறது, உருகிய நீர் அதில் சேர்கிறது. ஒன்றை விட்டு மற்றொன்று கிடைக்காது. ஊற்றிய அளவில் ஏறத்தாழ கால் பங்கு நீர் இப்படிச் சேரும். ஆக, அங்கேயும் மிக்சிங் தண்ணிதான்! செய்முறையில் எழுதப்படாத நான்காவது சரக்கு. அளப்பது கரண்டி பிடித்த கையின் நேரம்.

இனி நம்ம குவார்ட்டர். 180 மி.லி., 42.8 சதம் ஆல்கஹால். பெரும்பாலும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் வடித்த சாராயத்தோடு நிறமும் கொஞ்சம் மால்ட்டும் சேர்த்தது. தானியத்தில் வடிக்காததை ஐரோப்பியச் சட்டம் விஸ்கியென்றே ஒப்புவதில்லை. பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடக்க வேண்டிய நேரத்தை முதலாளி மிச்சம் பிடித்துவிட்டார். 2003 முதல் சில்லறையில் விற்பது அரசின் டாஸ்மாக்.

குடிப்பவனிடமும் நேரமில்லை. 'ஒன்றரை ஷிப்ட்' என்றால் இந்த ஊரில் பன்னிரண்டு மணி நேரம். பகலெல்லாம் துணியில் கட்டிங். ராத்திரி இன்னொருவனோடு பாதிப்பாதியாக குவார்ட்டரில் 'கட்டிங்'. நின்றபடியே ஒரே மடக்கு.

ருசி வர்க்கத்தைப் பிரித்துக் காட்டும் என்றார் பூர்தியு. ருசிக்குப் பின்னால் ஓய்வு நேரம் இருக்கிறது என்பதை மேலே சொன்ன அரை நிமிடம் காட்டுகிறது. 'ருசி தெரியாதவன்' என்ற ஏளனமும் 'குடிகாரன்' என்ற ஒழுக்கத் தீர்ப்பும் ஒருசேர மறைப்பது இந்தக் கணக்கைத்தான். கூலியில் பாதி பாருக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமை அரிசிக்கு என்ன செய்வது என்று பெண்கள் கேட்பது நியாயம். அந்தக் கேள்வியைக் கடைவாசலோடு நிறுத்திக்கொள்வது நம் தவறு. கம்பெனி வாசலுக்கும் அது போக வேண்டும். 1984இல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்து பஞ்சப்படி கேட்ட ஊர் இது. நேரத்தையும் கேட்கத் தெரியாதா என்ன?