அழைத்தவுடன் ஓடிவரும் நாய்க்குட்டி: பழக்குவது எப்படி, தவறு நேர்வது எங்கே?

புது தில்லி: உணவுப் பொட்டலம் கொண்டுவந்தவருக்காக வாயிற்கதவு சில நொடிகள் திறக்கப்படுகிறது. அந்த இடைவெளியில் நான்கு மாத நாய்க்குட்டி ஒன்று வெளியே பாய்ந்து தெருவை நோக்கி ஓடுகிறது. வீட்டிலுள்ளவர்கள் அதன் பெயரைச் சொல்லிக் கூவியபடி பின்தொடர்கின்றனர். குட்டி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு முன்னிலும் வேகமாக ஓடுகிறது.

நகரங்களில் நாய் வளர்ப்போர் பலருக்கும் பழக்கமான காட்சி இது. எதிரே வரும் வாகனம், புதிய நாயைத் தங்கள் எல்லைக்குள் விடாத தெருநாய்கள், எங்கோ வெடிக்கும் பட்டாசு என அடுத்த சில நொடிகளில் எதுவும் நேரலாம். உட்காருவதும் கை கொடுப்பதும் விருந்தினர் கண்டு மகிழும் வித்தைகள். அழைத்தவுடன் திரும்பி வருவது அப்படிப்பட்டதன்று. குட்டியின் உயிரே அதைச் சார்ந்திருக்கிறது.

இப்பழக்கத்தை உண்டாக்குவது பெரிய வேலையன்று. உண்டான பழக்கத்தை வளர்ப்பவர்களே தங்களை அறியாமல் அழித்துவிடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது.

குட்டி ஏன் வருவதில்லை?

நாய்க்கு 'வா' என்ற சொல் வெறும் ஒலி. அந்த ஒலிக்குப் பின் என்ன நிகழ்கிறது என்பதைக் கொண்டே அது பொருள் கொள்கிறது. செரிமானம் குறித்த ஆய்வுக்காக 1904-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ரஷ்ய அறிஞர் இவான் பாவ்லோவ், உணவுக்கு முன் வழக்கமாக ஒலிக்கும் ஓசையைக் கேட்ட அளவிலேயே நாய்களின் வாயில் உமிழ்நீர் சுரப்பதைக் காட்டினார். அழைப்புச் சொல்லும் இவ்வாறே செயல்படுகிறது.

ஒரு நாளில் குட்டி எப்போதெல்லாம் அழைக்கப்படுகிறது என்று எண்ணிப் பார்த்தால் சிக்கல் விளங்கும். விளையாட்டு உச்சத்தில் இருக்கும்போது அழைத்துக் கயிறு மாட்டுகிறார்கள். குளிப்பாட்ட அழைக்கிறார்கள். நகம் வெட்டவும், மாத்திரை கொடுக்கவும், வெளியே செல்லும்போது அறைக்குள் அடைத்து வைக்கவும் அழைக்கிறார்கள். செருப்பைக் கடித்து வைத்திருந்தால் அழைத்துத் திட்டுகிறார்கள். அழைப்பை நம்பி வந்தால் மகிழ்ச்சி முடிந்துவிடும் என்ற பாடத்தைக் குட்டி இப்படித்தான் கற்கிறது. அது பிடிவாதம் பிடிப்பதாக வீட்டார் கருதுகின்றனர். உண்மையில் கற்பிக்கப்பட்டதை அது சரியாகக் கற்றிருக்கிறது.

ஆகவே முதல் விதி எளிது: அழைத்து வந்த குட்டியை எக்காரணம் கொண்டும் திட்டவோ அடிக்கவோ கூடாது. பத்து நிமிடம் காக்க வைத்து வந்தாலும் வரவேற்கவே வேண்டும். குளியல், மருந்து, நகம் வெட்டுதல் போன்றவற்றுக்கு அழைக்காமல், நாமே அருகே சென்று அமைதியாகத் தூக்கி வரலாம்.

எப்போது தொடங்கலாம்?

விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017-இல் வகுக்கப்பட்ட நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, எட்டு வாரம் நிறையாத குட்டிகளை விற்பனை செய்யக் கூடாது. புதிய வீட்டுக்குக் குட்டி வந்து சேரும் நாளிலிருந்தே பயிற்சியைத் தொடங்கலாம். அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்காட், ஃபுல்லர் ஆகிய இருவரும் 1965-இல் வெளியிட்ட நூலில், ஏறத்தாழ மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரையிலான காலமே நாய்கள் மனிதர்களோடு பிணைப்பு கொள்ள மிக ஏற்றது என்று விளக்கினர். அந்த வயதுக் குட்டி இயல்பாகவே மனிதரைப் பின்தொடரும். அந்த இயல்புக்கு ஒரு சொல்லைச் சூட்டுவதே பயிற்சியின் தொடக்கம்.

தடுப்பூசித் தவணைகள் முடியும் வரை பிற நாய்கள் புழங்கும் பூங்காவிலோ தெருவோரத்திலோ குட்டியை இறக்கிவிடக் கூடாது. பார்வோ வைரஸ் நோய் இளங்குட்டிகளின் உயிரைப் பறிக்கக்கூடியது. முதல் சில வாரப் பயிற்சிக்கு வீட்டின் கூடமே போதும்.

சொல் ஒன்றாக இருக்கட்டும்

பல மொழிகள் புழங்கும் இந்திய வீடுகளில் பாட்டி 'வா' என்பார், பிள்ளைகள் 'கம்' என்பார்கள், வீட்டு வேலைக்கு வருபவர் 'ஆஜா' என்பார். குட்டிக்கு எந்த மொழியும் ஒன்றுதான். ஆனால் சொல் ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டிலுள்ள அனைவரும் கூடி ஒரு சொல்லைத் தேர்ந்துகொண்டு, அதையே ஒரே தொனியில் பயன்படுத்துவது நல்லது. குட்டியின் பெயரையே அழைப்புச் சொல்லாக்குவதைத் தவிர்க்கலாம். பெயர் நாள் முழுவதும் ஒலித்துக்கொண்டிருப்பதால் அதன் தனிப்பொருள் மங்கிவிடும்.

குரலும் முக்கியம். பிரான்சின் சேன்ட் எட்டியென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2017-இல் வெளியான ஆய்வில், குழந்தையிடம் பேசுவது போன்ற உயர்ந்த தொனியில் பதிவு செய்யப்பட்ட குரலுக்கு நாய்க்குட்டிகள் மிகுதியாக ஈர்க்கப்பட்டன. வளர்ந்த நாய்களிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை. அதட்டும் குரலைவிடக் கொஞ்சும் குரல் குட்டியிடம் விரைந்து பலிக்கும்.

படிப்படியாகப் பழக்கும் முறை

முதல் படியில், குட்டி இரண்டடி தொலைவில் இருக்கும்போது அழைப்புச் சொல்லை ஒருமுறை மட்டும் கூறி, உடனே சிறு உணவுத் துண்டைக் கொடுக்க வேண்டும். வேகவைத்த கோழி இறைச்சி, முட்டை, பனீர், கேரட் ஆகியவற்றைக் கடலைப் பருப்பு அளவுக்கு நறுக்கி வைத்துக்கொள்ளலாம். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம் ஆகியவை நாய்களுக்கு நஞ்சாகக்கூடியவை. அவற்றைத் தரவே கூடாது. ஒரு வேளைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு வேளை என்பது போதுமான அளவு. குட்டி சலிப்படையும் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாம் படியில், வீட்டில் இருவர் கூடத்தின் இரு முனைகளில் அமர்ந்து மாறி மாறி அழைக்கலாம். பின்னர் ஒருவர் அடுத்த அறையில் மறைந்துகொண்டு அழைக்கலாம். தேடிக் கண்டுபிடித்து வருவது குட்டிக்கே விளையாட்டாகிவிடும்.

மூன்றாம் படி பலரும் விட்டுவிடுவது. வந்த குட்டியின் கழுத்துப் பட்டையை மென்மையாகப் பற்றி, அதன் பின்னரே உணவைக் கொடுக்க வேண்டும். இப்பழக்கம் இல்லாத நாய்கள் அருகே வரை வந்து, கை நீண்டதும் துள்ளி விலகிவிடும். பரபரப்பான சாலையோரத்தில் அந்த ஓரடி விலகலே ஆபத்தாகும்.

நான்காம் படியில் வெளியிடத்துக்குச் செல்லலாம். ஐந்து முதல் பத்து மீட்டர் நீளமுள்ள இலகுவான கயிற்றைக் கழுத்தில் கட்டாமல், ஹார்னஸ் எனப்படும் மார்புப் பட்டையில் இணைக்க வேண்டும். ஓடும் குட்டி கயிற்றின் முனையை எட்டும்போது கழுத்தில் அடிபடாமல் இருக்க இது உதவும். மதில் சூழ்ந்த முற்றம், ஆளில்லாத மைதானம் ஆகியவை ஏற்ற இடங்கள். தாழ்ந்த கைப்பிடிச் சுவர் கொண்ட மொட்டைமாடி ஏற்றதன்று. கோடையில் தார்ச்சாலையும் சிமெண்டுத் தரையும் பாதங்களைச் சுட்டுவிடும் என்பதால் அதிகாலையே நல்ல நேரம்.

ஐந்தாம் படியில் கவனத்தைத் திருப்பும் பொருள்களை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்: முதலில் தொலைவில் நிற்கும் ஒருவர், பின்னர் உருளும் பந்து, அதன் பின்னர் வேறொரு நாய். ஒரு நிலையில் பத்துக்கு எட்டு முறையாவது முதல் அழைப்பிலேயே வந்தால் அடுத்த நிலைக்குச் செல்லலாம். வராவிட்டால் சொல்லைத் திரும்பத் திரும்பக் கூவாமல், அருகே சென்று எளிதான தொலைவிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். ஐந்து முறை அழைத்தபின் வந்து பழகிய குட்டி, ஐந்தாவது அழைப்புக்காகவே காத்திருக்கும்.

எல்லாப் படிகளிலும் மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. அழைத்து, உணவளித்து, பட்டையைத் தொட்டபின் பெரும்பாலான முறை குட்டியை மீண்டும் விளையாட விட்டுவிட வேண்டும். வந்தாலும் விளையாட்டு தொடரும் என்று அறிந்த குட்டி வரத் தயங்காது. பழக்கம் உறுதிப்பட்ட பின், சில முறை உணவு, சில முறை பந்து, சில முறை பாராட்டு என வெகுமதியை மாற்றலாம். ஒன்றுமே இல்லாத வெறும் அழைப்பாக அது ஒருபோதும் ஆகிவிடக் கூடாது.

தண்டனையும் மின்பட்டையும் பயன் தருமா?

அடித்தால்தான் நாய் பணியும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. மின்னதிர்ச்சி தரும் கழுத்துப் பட்டைகளும் விற்பனையாகின்றன. பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இக்கேள்வியை நேரடியாகச் சோதித்தது. அழைத்தால் வராதது போன்ற குறைகள் கொண்ட 63 நாய்கள் மூன்று குழுக்களாகப் பிரித்துப் பழக்கப்பட்டன. வெகுமதியை முதன்மையாகக் கொண்டு பழக்கப்பட்ட குழுவே 'வா', 'உட்கார்' என்ற கட்டளைகளுக்கு முதல் அழைப்பிலேயே கூடுதலாகக் கீழ்ப்படிந்தது. மின்பட்டை தேவை என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று அந்த ஆய்வு முடிவு கூறியது.

இந்தியச் சட்டமும் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, விலங்கை அடித்துத் துன்புறுத்துவதைக் கொடுமை என வரையறுக்கிறது. எப்போதும் கட்டியே வைக்கப்படும் நாய்க்கு உரிய நடமாட்டம் தராமல் உரிமையாளர் புறக்கணிப்பதும் அப்பிரிவில் அடங்கும்.

மறுபுறம், வளர்ப்பு விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கடுங்காயமோ நேரக்கூடிய நிலையில் உரிமையாளர் அலட்சியமாக இருந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நன்கு பழகிய நாயாயினும் பொது இடங்களில் கயிற்றுடனேயே நடத்திச் செல்வது அனைவருக்கும் பாதுகாப்பு. கயிறு அறுந்துபோகும் அல்லது கை நழுவும் அந்த ஒரு நாளுக்காகவே அழைப்புப் பயிற்சி.

எட்டாம் மாதத் தடுமாற்றம்

ஐந்து மாதம் வரை துள்ளி ஓடிவந்த குட்டி, எட்டு மாதத்தில் காது கேளாதது போல் நடந்துகொள்வதாகப் பலர் வருந்துவதுண்டு. பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர் தலைமையிலான குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வு, பருவ வயதை எட்டும் நாய்கள் தம்மை வளர்ப்பவரின் கட்டளைக்குக் குறைவாகவே பணிவதையும், இந்த நிலை பின்னர் மாறிவிடுவதையும் பதிவு செய்தது. இக்காலத்தில் பயிற்சியைக் கைவிடுவதோ தண்டிப்பதோ உறவைக் கெடுக்கும். நீண்ட கயிற்றை மீண்டும் எடுத்து, முந்தைய படிகளைப் பொறுமையாகத் திரும்பச் செய்தால் போதும்.

உள்நாட்டு நாய்களும் பழகுமா?

தெருவிலிருந்து தத்தெடுக்கப்படும் உள்நாட்டு நாய்கள் பயிற்சிக்கு உட்படா என்ற எண்ணம் தவறானது. கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், எவ்விதப் பயிற்சியும் பெறாத தெருநாய்கள்கூட மனிதர் கைநீட்டிச் சுட்டும் திசையைப் புரிந்துகொள்ள வல்லவை என 2020-இல் தெரிவித்தனர். அதே குழுவின் 2017-ஆம் ஆண்டு ஆய்வில், அறிமுகமற்றவரிடம் நம்பிக்கை கொள்ள உணவைவிட வருடிக் கொடுத்தலே தெருநாய்களுக்குக் கூடுதலாக உதவியது.

முதோல், ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை இனங்களைப் பிரதமர் நரேந்திர மோடி 2020 ஆகஸ்ட் மாத 'மனதின் குரல்' உரையில் பாராட்டியபின் அவற்றை வளர்க்கும் ஆர்வம் பெருகியது. கண்ணில் பட்ட இரையைத் துரத்தி ஓடுவதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டவை இவை. பாய்ச்சல் தொடங்கிய பின் அழைப்பு இவற்றின் காதில் ஏறுவது அரிது. ஓடும் முன்பே, பார்வை நிலைகுத்தும் நொடியில் அழைத்துப் பழக்க வேண்டும். வேலியற்ற இடத்தில் கயிற்றை அவிழ்க்கவே கூடாது.

ஓடிவிட்டால் என்ன செய்வது?

துரத்துவது முதல் தவறு. குட்டி அதை விளையாட்டாகவே எடுத்துக்கொள்ளும். எதிர்த்திசையில் சில அடிகள் ஓடி, தரையில் அமர்ந்து, மகிழ்ச்சியான குரலில் அழைத்தால் அது திரும்ப வாய்ப்பு அதிகம். வந்தபின் பட்டையைப் பற்றி, கையில் உள்ள சிறந்த உணவைக் கொடுக்க வேண்டும். அச்சத்திலும் கோபத்திலும் அந்த நொடி கொடுக்கும் ஓர் அடி, பல வாரப் பயிற்சியை வீணாக்கிவிடும்.

பட்டாசு ஒலியில் மிரண்ட நாய்க்கு எந்தப் பயிற்சியும் நினைவில் நிற்காது. தீபாவளி நாள்களில் கதவுகளை மூடி வைப்பதும், கைபேசி எண் பொறித்த பட்டையை எப்போதும் அணிவித்திருப்பதும் அவசியம்.

அழைப்புச் சொல் ஏற்கெனவே கெட்டுவிட்டது என்று உணர்பவர்கள் அதைக் கைவிட்டு, இதுவரை பயன்படுத்தாத ஒரு சொல்லையோ ஊதல் ஒலியையோ தேர்ந்துகொண்டு முதல் படியிலிருந்து தொடங்கலாம். வளர்ந்த நாய்களும் இம்முறையில் கற்றுக்கொள்ளும். புதிய சொல்லுக்குப் பின் திட்டும் அடியும் வராது என்பதை இம்முறை வீட்டிலுள்ள அனைவரும் உறுதி செய்ய வேண்டும்.