தோள்வலியும் தொங்கும் இமையும்

தூத்துக்குடிக்காரர்கள் தோள்வலிக்குக் காரணம் தேடுவதில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்குபவருக்கும், உப்பளத்தில் உப்பு வாருபவருக்கும், சங்கு குளிக்கப் போகிறவருக்கும் அது வேலையோடு வருவது. தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் போய்விடுவார்கள். எனக்கு அச்சமே அங்கேதான். வலிக்கிற தோளின் பக்கம் இமை லேசாகத் தொங்கி, கண்பாவையும் சிறுத்திருந்தால், அதை மூட்டை தூக்கிய வலி என்று விட்டுவிடக் கூடாது.

பாவையை விரிக்கும் நரம்பு மூளையிலிருந்து நேரே கண்ணுக்கு வருவதில்லை. தண்டுவடம் வழியே மார்புவரை இறங்கி, நுரையீரலின் உச்சியை ஒட்டித் திரும்பி, கழுத்துத் தமனியோடு ஏறிக் கண்ணைச் சேர்கிறது. வழியில் எங்கே கட்டி அழுத்தினாலும் கண்ணில் தெரியும். 1869-இல் சுவிஸ் கண் மருத்துவர் ஹார்னர் விவரித்ததால் தொங்கும் இமையும் சிறுத்த பாவையும் சேர்ந்த இந்த நிலைக்கு ஹார்னர் நோய்க்குறி என்று பெயர். பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு நுரையீரல் உச்சியில் புற்றுக்கட்டி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். குழந்தைக்கு என்றால் நியூரோபிளாஸ்டோமா என்னும் கட்டியைத் தேட வேண்டும். கழுத்துவலியோடு திடீரென வந்தால் தமனி கிழிந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

உறுதிசெய்ய அப்ராக்ளோனிடின் என்னும் சொட்டு மருந்து உதவுகிறது. நல்ல கண்ணில் அது பாவையை விரிக்காது. நரம்பின் தூண்டல் கிடைக்காமல் ஏங்கிக் கிடக்கும் கண்ணில் விரித்துவிடும். கட்டி எங்கே என்பதை ஸ்கேன்தான் சொல்லும்.

அப்ராக்ளோனிடின் போலவே பாவையை விரிக்கக்கூடிய ஃபினைலெஃப்ரின், கண் பரிசோதனைச் சொட்டிலும் சளி மாத்திரையிலும் இருக்கிறது. இரத்த அழுத்தத்தை அது ஏற்றக்கூடும். அட்ரினல் சுரப்பியில் பியோகுரோமோசைட்டோமா கட்டி உள்ளவருக்கு அந்த ஏற்றம் உயிருக்கே ஆபத்து. திடீர் திடீரெனத் தலைவலி, படபடப்பு, வியர்வை என்று வருகிறவர்கள் மருந்துக்கடையில் தாமாகச் சளி மாத்திரை வாங்க வேண்டாம்.

சொட்டு விடுமுன் அது என்ன மருந்து என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதி. பக்கவிளைவு வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே தெரிவிக்கலாம். கட்டணம் வாங்கிய மருத்துவமனையின் அலட்சியத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம்.

தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது பழைய புகைப்படம் ஒன்றை எடுத்துப் போங்கள். கல்யாண ஆல்பத்தில் இருப்பதே போதும். அன்று இமை தொங்கியிருந்ததா என்று மருத்துவர் அதில் பார்த்துக்கொள்வார்.