ரேடியோ விற்ற காசு

தேவாரத்துக்குப் பக்கத்து ஊர் பண்ணைப்புரம். 1968-ல் சினிமா கனவோடு சென்னைக்குக் கிளம்பிய பிள்ளைகளுக்காக அங்கே ஒரு தாய் வீட்டு ரேடியோவை விற்றார். கிடைத்த 400 ரூபாயில் தனக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளாமல் முழுசாகக் கொடுத்தனுப்பினார். அந்தத் தாய் சின்னத்தாயம்மாள். பிள்ளைகளில் ஒருவர் இளையராஜா.

‘பிடிச்ச வேலையா, நிலைச்ச வேலையா?’ என்ற பேச்சு வீட்டில் கிளம்பினால் தேனிப் பக்கத்துப் பையன்கள் கையிலெடுப்பது இந்தக் கதையைத்தான். அம்மா பதிலுக்கு அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வைச் சொல்வார். பையனுக்கு அது கோழைத்தனமாகப் படும். ஏலத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் அந்த அம்மா எங்கிருந்து பேசுகிறார் என்று அவன் ஒருநாள் மலையேறிப் பார்க்க வேண்டும்.

போடி மெட்டு, கம்பம் மெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குப் போகும் ஜீப்புகள் விடியும் முன்பே கிளம்பிவிடுகின்றன. ஏலச் செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய்ச் சரம் விடுவது தூரில்தான். தரையோடு தரையாகக் கிடக்கும். அதனால் காய் எடுப்பவர் ஒவ்வொரு தூருக்கும் குனிய வேண்டும், அல்லது குத்தவைக்க வேண்டும். ஒரே சரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், பழுத்த காயும் இருக்கும். பிஞ்சில் கை படாமல் விளைந்ததை மட்டும் பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து அடுத்த சுற்றுக்கு அதே தூருக்கு வர வேண்டும். மழைக்காலமென்றால் அட்டைக்கடி வேறு. இடுப்பு விட்டுப்போன ஒருத்தி, ஒன்றாம் தேதியானால் சம்பளம் வருகிற வேலையைத் தன் பிள்ளைக்குக் கேட்பதில் என்ன கோழைத்தனம் இருக்கிறது?

பையன்களின் கதையிலும் பாதி விடுபட்டுப்போகிறது. ரேடியோவை விற்ற நாளில் இளையராஜா இசைக்குப் புதியவர் இல்லை. அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராக வாசித்துத் தேறியவர். சென்னைக்குப் போன பிறகும் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை அரிச்சுவடியிலிருந்து படித்தார். ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார்; அடுத்தவர் போட்ட மெட்டுகளுக்கு கிட்டார் வாசித்தார். அவர் இசையமைத்த முதல் படம் ‘அன்னக்கிளி’ வந்தது 1976-ல். இடையில் எட்டு வருடம்! பிடித்த வேலை என்றால் தினமும் இனிக்கும் என்று நம்பிப் போகிறவர் அந்த எட்டில் ஒரு வருடத்தைக்கூடத் தாங்கமாட்டார் என்பதே என் எண்ணம்.

அல்லிநகரத்து பாரதிராஜா சுகாதார ஆய்வாளர் வேலையையே விட்டுவிட்டுப் போனவர். அவரும் நேரே இயக்குநர் நாற்காலியில் உட்காரவில்லை. புட்டண்ண கனகல் போன்றவர்களிடம் உதவி இயக்குநராக உழைத்த பிறகே 1977-ல் ‘16 வயதினிலே’ வந்தது. வடுகபட்டி வைரமுத்து இன்னொரு வழியில் போனார். மொழிபெயர்ப்பாளராக அரசு வேலையில் இருந்துகொண்டே கவிதை எழுதினார். 1980-ல் ‘நிழல்கள்’ படத்துக்கு முதல் பாட்டு எழுதிய பிறகே வேலையை விட்டார். அந்தப் படத்தின் இயக்குநர் பாரதிராஜா, இசை இளையராஜா. தேனிப் பக்கத்து மூவரும் ஒரே படத்தில் வந்து சேர்ந்தார்கள். ஆனால் கையிலிருந்ததை மூவரும் ஒரே மாதிரி பணயம் வைக்கவில்லை.

மேடைகளில் அறிவுரை சொல்பவர்கள் ‘மனசுக்குப் பிடிச்சதைச் செய்’ என்று முடித்துக்கொள்கிறார்கள். விழுந்தால் தாங்க அப்பாவுக்குச் சொத்து இருக்கிற பிள்ளைக்கு அது போதும். தோட்டக் கூலியில் ஓடுகிற வீட்டுப் பிள்ளைக்குப் போதாது. சென்னைக்குப் போய் ஒன்றும் அமையாமல் திரும்பி வந்தவர்களை எந்த மேடையும் அழைப்பதில்லை. அவர்கள் பட்ட கடன் வீட்டில்தான் அடைபடுகிறது.

அப்படிப்பட்ட பிள்ளைக்கு நான் வைரமுத்துவின் வழியைத்தான் சொல்வேன். குரூப் 4 எழுதட்டும், கிராம நிர்வாக அலுவலராகட்டும். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் அவன் கையில் இருக்கிறதே, கேமராவோ பறையோ அப்போது எடுக்கட்டும். வீட்டாரும் ஒன்று செய்ய வேண்டும்: சம்பளம் வர ஆரம்பித்த மறுமாதமே வீட்டுக்கடன், கல்யாணம் என்று அவன் கழுத்தில் ஏற்றாமல் இரண்டு மூன்று வருடமாவது பொறுக்க வேண்டும். அதற்குள் அவன் எடுத்த படத்துக்கோ அடித்த அடிக்கோ வெளியாள் ஒருவர் காசு கொடுத்துக் கூப்பிட்டால், ராஜினாமா பேச்சை அப்போது எடுக்கலாம். அன்றைக்கு அம்மாவும் குறுக்கே நிற்கமாட்டார்.