கிளென்மார்கன் தந்த பட்டிமன்றப் பொருள்

"விஞ்ஞானம் ஆக்கத்திற்கா, அழிவிற்கா?" இந்தத் தலைப்பில் பேசாத, அல்லது பேச்சைக் கேட்காத மாணவர் எவரேனும் தமிழ்நாட்டில் உண்டா? ஒன்பதாம் வகுப்பில் நான் 'அழிவிற்கே' என்று முழங்கினேன். ஹிரோஷிமாவை நான் சொன்னேன். எதிர்க்கட்சி நண்பன் பெனிசிலினைச் சொன்னான். நடுவராக இருந்த ஆசிரியர், "எல்லாம் பயன்படுத்துவோர் கையில் இருக்கிறது" என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பு, மணி அடித்து நாங்கள் மேடை ஏறும் முன்பே எல்லோருக்கும் தெரிந்ததுதான்! கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம். யாரும் எதையும் புதிதாகத் தெரிந்துகொள்ளவில்லை.

நம் மொழியில் வாதம் புதியதன்று. அறிஞர்கள் ஏறி வாதிடும் பட்டிமண்டபம் பற்றி மணிமேகலையே பேசுகிறது. குறை வாதத்தில் இல்லை, நாம் எடுத்துக்கொள்ளும் பொருளில்தான் இருக்கிறது. நகரமா கிராமமா, பேனாவா வாளா என்பவை எல்லாம் எந்தப் புள்ளிவிவரத்தாலும் அசைக்க முடியாத தலைப்புகள்.

ஒரு தலைப்பை எடுத்துக்கொள்ளும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். "எந்த உண்மை தெரியவந்தால் நான் என் கட்சியை மாற்றிக்கொள்வேன்?" என்று உங்களையே கேளுங்கள். விடை கிடைத்தால் அது நல்ல தலைப்பு. கிடைக்காவிட்டால் அது வெறும் சொற்சிலம்பம். இப்படிப்பட்ட ஒரு நல்ல தலைப்பை நீலகிரியில் ஒரு சின்ன ஊர் நமக்குத் தந்திருக்கிறது.

உதகமண்டலத்திலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கிளென்மார்கன். தேயிலைத் தோட்டமும் புல்வெளியும் மூடுபனியும் சூழ்ந்த இடம். பைக்காராவிலிருந்து வரும் நீர் இங்குள்ள சிறு நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, இரும்புக் குழாய்கள் வழியே மலைச்சரிவில் இறங்கி, அடியில் சிங்காராவிலுள்ள மின்நிலையத்தைச் சென்றடைகிறது. 1932-இல் இயங்கத் தொடங்கிய அந்தப் பைக்காரா மின்சாரம்தான் கோவையின் பஞ்சாலைகளைச் சுழலவைத்தது. வீழ்ச்சியின் உயரம் 900 மீட்டருக்கும் மேல். ஒரு கன மீட்டர் நீரின் நிறை 1000 கிலோகிராம். அது 900 மீட்டர் கீழே விழுந்தால் கிடைக்கும் ஆற்றல் எவ்வளவு? நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்குங்கள். சுமார் 88 இலட்சம் ஜூல், அதாவது ஏறத்தாழ இரண்டரை யூனிட் மின்சாரம் வரும். (எந்திரங்களில் வீணாவதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.) ஆகவே மேலேயுள்ள ஓடைகளில் ஓடும் ஒவ்வொரு கன மீட்டர் நீருக்கும் இங்கே ஒரு விலை உண்டு.

இனி மரத்துக்கு வருவோம். ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட கற்பூர மரம் 1843-இல் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. மலையில் குடியேறியவர்கள் விறகுக்காகச் சோலைகளை வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. விரைவில் வளரும் இந்த மரம் அன்று வரமாகவே தோன்றியது. விறகு கிடைத்தது, இலையிலிருந்து தைலம் கிடைத்தது, பிற்காலத்தில் விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழும் கிடைத்தது. ஆனால் மரம் நடப்பட்ட இடங்களில் பல, தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகள். "இந்த மரம் ஓடைகளை உறிஞ்சிவிடுகிறது" என்று ஒரு சாராரும், "மரம்தானே மழை தருகிறது?" என்று மறுசாராரும் வெகுநாள் வாதிட்டார்கள்.

வாயால் தீராத இந்த வழக்கை அளந்து தீர்க்க முனைந்தார்கள் உதகையிலிருந்த மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார். கிளென்மார்கனில் அருகருகே இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 32 ஹெக்டேர். இரண்டிலும் புல்வெளியும் சிறிது சோலையும் இருந்தன. 1968-இல் அளவெடுப்பு தொடங்கியது. ஆனால் உடனே மரம் நடவில்லை! நான்கு ஆண்டுகள் மழையையும் ஓடைநீரையும் மட்டும் அளந்துகொண்டிருந்தார்கள். ஏன் தெரியுமா? மரம் நட்ட பிறகு ஓடையில் நீர் குறைந்தால் குற்றம் மரத்தினுடையதா, அந்த ஆண்டின் மழையினுடையதா என்று எப்படிச் சொல்வது? இரண்டு ஓடைகளும் இயல்பாக எப்படி ஒத்து ஓடுகின்றன என்பது முதலில் தெரியவேண்டும். அதன்பின் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே விட்டுவைத்தால், விட்டுவைத்த ஓடை சாட்சி சொல்லும்.

1972-இல் ஒரு பகுதியின் பரப்பில் 59 சதவீதத்தில் கற்பூர மரம் நட்டார்கள். அடுத்த பத்து ஆண்டுகளில் அங்கிருந்து வந்த மொத்த நீர், வந்திருக்க வேண்டிய அளவைவிடச் சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. மழையில்லாத மாதங்களில் நிலத்தடியிலிருந்து கசிந்து ஓடையை உயிரோடு வைத்திருக்கும் நீரும் குறைந்தது. மலைவாசிகளுக்குக் கோடையில் குடத்தை நிரப்புவது இந்தக் கசிவுநீர்தான்.

சரி, வாதம் முடிந்ததா? முடியவில்லை. "நீலகிரிப் புல்வெளிகளில் நட்ட கற்பூர மரங்களை வெட்ட வேண்டும்" என்பதைத் தலைப்பாக வைத்துப் பாருங்கள். வெட்டச் சொல்பவர் 16 சதவீதத்தைக் காட்டுவார். எதிர்ப்பவர் எழுந்து, பெருமழையின்போது பாய்ந்துவரும் வெள்ளத்தின் உச்ச அளவையும் இந்த மரங்கள் குறைத்தன என்று அதே ஆய்விலிருந்து காட்டலாம். "32 ஹெக்டேரில் கண்டதை, மழையும் மண்ணும் வேறான சமவெளிக்கு அப்படியே பொருத்தலாமா?" என்றும் மடக்கலாம். விறகுக்கு மீண்டும் சோலைக்குள் கோடரியோடு போகவேண்டுமா என்று கேட்கலாம். அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்குத் தமிழ்நாடு அரசு 2022-இல் ஒரு கொள்கையே வெளியிட்டிருப்பதால், இது ஏட்டுச் சுரைக்காய் விவகாரமும் அன்று.

இத்தகைய தலைப்பில் ஓர் எச்சரிக்கை தேவை. உங்கள் வகுப்பில், இலை பொறுக்கித் தைலம் காய்ச்சிப் பிழைக்கும் குடும்பத்து மாணவி ஒருத்தி இருக்கலாம். மற்றவர்களுக்கு இது மதிப்பெண். அவளுக்கு வீட்டு அடுப்பு. அவளை எழுப்பி "நீ சொல்" என்று கேட்பது முறையாகாது. அவளாகப் பேச வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். அவளிடமிருக்கும் செய்தி எந்த அறிக்கையிலும் இருக்காது. இதற்காகவே கட்சிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். தனக்குப் பிடிக்காத கட்சிக்காகப் பேச நேர்ந்தவன்தான் நூலகத்துக்கு ஓடுவான் என்பது என் அனுபவம்! தொடங்கும் முன் ஒருமுறை, முடிந்த பின் ஒருமுறை கை தூக்கச் சொல்லி எண்ணுங்கள். நன்றாகப் பேசியது யார் என்பதைவிட, எத்தனை கைகள் இடம் மாறின, எந்தச் செய்தியைக் கேட்டு மாறின என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மலையில் இல்லாதவர்கள் ஏங்க வேண்டாம். இராமநாதபுரத்தில் சீமைக் கருவேலம் இருக்கிறது. அது நிலத்தடி நீரைக் குடிக்கிறதா, கரிமூட்டத் தொழிலாளிக்குச் சோறு போடுகிறதா? உதகைக்கு வரும் வண்டிகளுக்கு 2024 மே மாதம் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் முறை வந்தது. அதனால் நெரிசல் குறைந்ததா? சாலையோரம் நின்று எண்ணிப் பார்க்கலாம். உங்கள் ஊர் ஏரிக்கும் ஒரு தலைப்பு இருக்கும்.

கிளென்மார்கன் கதையில் ஒன்று பாக்கி. பத்தாண்டு வளர்ந்த அந்த மரங்களை வெட்டினார்கள். கற்பூர மரம் அடியோடு வெட்டினாலும் சாகாது. கட்டையிலிருந்து மறுபடி தழைத்துவிடும். அப்படி மறுதழைவாக வளர்ந்த அடுத்த பத்தாண்டில் நீரின் குறைவு 16-இலிருந்து சுமார் 25 சதவீதமாகக் கூடியது. முன்பே ஊன்றியிருந்த வேர்கள் அல்லவா! அப்படியானால் நம் தலைப்பிலுள்ள 'வெட்ட வேண்டும்' என்ற சொல் போதாது. 'வேரோடு அகற்ற வேண்டும்' என்று திருத்த வேண்டும். திருத்தியவுடனே எதிர்க்கட்சியில் ஒரு கை உயரும்: "செங்குத்தான சரிவில் வேரைப் பிடுங்கினால், அடுத்த மழைக்கு அந்த மண் எங்கே போகும், நடுவர் அவர்களே?"