முளையிலே தெரிந்த பயிர்



"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. ஆசிரியத் தொழிலில் இருந்த காலமெல்லாம் இதனை எத்தனையோ பரிசளிப்பு விழாக்களில் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். ஆயினும், முளையிலே தெரிந்த பயிர்கள் எல்லாம் விளைந்தனவா என்று மேடையில் யாரும் கேட்பதில்லை, நானும் கேட்டதில்லை. இளமையில் பெருந்திறமை காட்டிய ஒருவர், அத்திறமைக்கு உரிய உயரத்தை எட்டாமல் இடையிலே நின்றுவிடுவது ஏன்? குறை முளையிலா, நிலத்திலா, உழவனிடத்திலா? இன்று இதனைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

1984-ஆம் ஆண்டின் இறுதி. ஆசிரியப் பயிற்சியை முடித்துக்கொண்டு ஜவ்வாது மலையில் உள்ள ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. சாமை விளையும் சரிவுகளுக்கு நடுவே இருந்த அந்தச் சிற்றூரில், வெளியுலகத்தை எங்களுக்குக் கொண்டுவந்தது ஒரு டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டிதான். அதனைச் சுற்றி மாணவர்களும் நானும் உட்கார்ந்து கிரிக்கெட் வருணனை கேட்போம். மட்டையையே கண்ணால் காணாத சிறுவர்கள்கூட ஒரு பெயர் ஒலித்தவுடன் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தப் பெயர் லட்சுமண் சிவராமகிருஷ்ணன்.

1965-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் சென்னையில் பிறந்தவர் அவர். பதினாறாம் வயதில், ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் டில்லி அணிக்கு எதிராக 28 ஓட்டங்கள் மட்டும் கொடுத்து 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 1983-ஆம் ஆண்டு ஏப்ரலில், மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த ஆன்டிகுவாவில் முதல் டெஸ்ட் ஆட்டம் ஆடியபோது அவருக்கு வயது 17. அதுவரை அத்துணை இளம் வயதில் இந்தியாவுக்காக எவரும் டெஸ்ட் ஆடியதில்லை. அடுத்த ஆண்டு இங்கிலாந்து அணி இந்தியாவுக்கு வந்தது. பம்பாய் ஆட்டத்தில் ஓர் இன்னிங்ஸில் 64 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள்; மறு இன்னிங்ஸில் 117 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள். ஆக 12. இந்தியா வென்றது. அடுத்த டில்லி ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸில் மீண்டும் 6. பத்தொன்பது வயது நிரம்பாத பிள்ளை, தொடர்ந்து மூன்று இன்னிங்ஸ்களில் 18 விக்கெட்டுகளை எடுத்துவிட்டார். இனிப் பதினைந்து ஆண்டுகளுக்கு இந்தியாவுக்குச் சுழற்பந்துக் கவலையில்லை என்று நாங்கள் மலைமேல் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டோம்.

ஆனால் நடந்தது வேறு. அவர் ஆடிய டெஸ்ட் ஆட்டங்கள் மொத்தம் ஒன்பதே; எடுத்த விக்கெட்டுகள் 26. அவற்றுள் 23 அந்த ஓர் இங்கிலாந்துத் தொடரில் கிடைத்தவை. கடைசி டெஸ்ட் ஆட்டம் 1986-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் சிட்னியில் தொடங்கியது. அன்று அவருக்கு இருபது வயது நிரம்பி இரண்டே நாட்கள் ஆகியிருந்தன. பிறர் தொடங்கும் வயதில் அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்துவிட்டது.

இதற்குக் காரணம் சொல்லும்போது, "புகழ் தலைக்கேறிவிட்டது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது உலக வழக்கம். அது சோம்பேறித்தனமான விடை. கணக்கைச் சற்று நிதானமாகப் பாருங்கள். 23-இல் 18, முதல் மூன்று இன்னிங்ஸ்களிலேயே வந்துவிட்டன. அதன்பின் அந்தத் தொடர் முழுவதிலும் வந்தவை ஐந்துதான். 1985 ஜனவரியில், அவருடைய சொந்த ஊராகிய சென்னையின் சேப்பாக்கம் மைதானத்தில், இங்கிலாந்து 7 விக்கெட்டுகளுக்கு 652 ஓட்டங்கள் குவித்தது. கேட்டிங் 207, ஃபௌலர் 201. புகழ் தலைக்கேற ஒரு மாத காலம் போதுமா? நடந்தது அதுவன்று. எதிரே நின்றவர்கள் பாடம் படித்துவிட்டார்கள்.

மணிக்கட்டால் பந்தைச் சுழற்றும் கலையின் இயல்பை அறிந்தால் இது விளங்கும். வலக்கை வீச்சாளர் மணிக்கட்டைத் திருப்பி, மூன்றாம் விரலின் உந்துதலோடு பந்தை விடுகிறார். வலக்கை ஆட்டக்காரருக்கு அது காற்பக்கத்தில் விழுந்து வெளிப்பக்கமாகத் திரும்புகிறது. ஏறக்குறைய அதே கையசைவில், புறங்கை முன்னே வரும்படி விட்டால் பந்து எதிர்த்திசையில் திரும்பும். அதுவே கூக்ளி. இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத மட்டும் ஆட்டக்காரர் திணறுவார். ஆனால் வியப்பு என்பது ஒரு முதல். செலவழியச் செலவழியக் குறைந்துகொண்டே வரும். சில நாட்களில் ஆட்டக்காரர் கையைப் பார்த்துப் பந்தைப் படிக்கக் கற்றுக்கொள்வார். அப்போது வீச்சாளருக்குப் புதிய கல்வி தேவைப்படுகிறது. வேகத்தை மாற்றவேண்டும், பந்தை எழும்பவிடும் அளவை மாற்றவேண்டும், பொறுமையாக வலை விரிக்கவேண்டும். மணிக்கட்டின் சிறு பிழைகூடப் பந்தை அடிப்பதற்கு வாகாக்கிவிடும் என்பதால், நன்றாக வீசுபவரும் ஓட்டங்களை வாரிக் கொடுக்கும் நாட்கள் வரும். ஆகவே உள்ளூர் ஆட்டங்களில் அடிபட்டு, யோசித்து, திருந்த நீண்ட காலம் வேண்டும். பதினேழு வயதில் உலக மேடையில் ஏற்றப்பட்டவருக்கு அந்தத் தனிமையான காலம் எங்கே கிடைக்கும்? அவருடைய ஒவ்வொரு பிழையும் இலட்சக்கணக்கானோர் முன்னிலையில் நிகழ்ந்தது.

அவர் திறமை இடையில் மறைந்துபோகவும் இல்லை. 1985 மார்ச் 10-ஆம் நாள், மெல்போர்னில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் இறுதி ஆட்டத்தில், பாகிஸ்தானின் தலைசிறந்த ஆட்டக்காரரான மியாண்டாட்டை முன்னே இழுத்து, விக்கெட் காப்பாளர் ஸ்டம்பைத் தட்டும்படி செய்தவர் அவரே. அப்போட்டியில் 10 விக்கெட்டுகள் எடுத்தார். ஆற்றல் இருந்தது, அந்த ஆற்றல் முதிர்வதற்கு வேண்டிய அவகாசம் இல்லை.

நம் கண்ணுக்குத் தெரியாத சுமை ஒன்றும் இருந்தது. 2021-ஆம் ஆண்டில், வாழ்நாள் முழுவதும் தம் தோலின் நிறத்தைக் காட்டி இழிவுபடுத்தப்பட்டதாக அவரே வெளிப்படையாகக் கூறினார். கைதட்டியவர்களாகிய நமக்கு அன்று அது தெரியாது. ஓர் இளைஞன் ஏன் தளர்ந்தான் என்று தீர்ப்புக் கூறுமுன், அவன் எதைச் சுமந்துகொண்டு ஓடினான் என்பதையும் கேட்கவேண்டும் என்ற பாடத்தை நான் காலம் தாழ்த்தியே கற்றேன்.

இனி, மறுபக்கம் ஒன்றையும் பாருங்கள். அதே சிட்னி மைதானம். அதே ஜனவரி மாதம். ஆறு ஆண்டுகள் கழித்து, 1992. ஆஸ்திரேலியாவுக்காக முதல் டெஸ்ட் ஆடிய ஷேன் வார்ன் என்னும் இருபத்திரண்டு வயது இளைஞர், அதே மணிக்கட்டுச் சுழலை வீசினார். 150 ஓட்டங்களைக் கொடுத்து ஒரே ஒரு விக்கெட் எடுத்தார். முளையைப் பார்த்து முடிவு கட்டுவதானால் அன்றே அவரை ஒதுக்கியிருக்கவேண்டும். ஆனால் அவருக்கு டெர்ரி ஜென்னர் என்னும் பயிற்சியாளர் வாய்த்தார். ஜென்னர் பழைய சுழற்பந்து வீச்சாளர். வியப்பு என்னவென்றால், அவரும் நம் சிவராமகிருஷ்ணனைப் போல ஒன்பது டெஸ்ட் ஆட்டங்களே ஆடியவர். தம் வாழ்வில் எட்டாத உயரத்துக்கு இன்னொருவர் ஏறுவதற்கு அவர் தோள் கொடுத்தார். வார்ன் 145 டெஸ்டுகளில் 708 விக்கெட்டுகள் எடுத்து ஓய்வு பெற்றார். முதல் நாள் தோல்விக்கும் இந்த வெற்றிக்கும் இடையே நின்றவை, வார்னின் உழைப்பும் பக்கத்தில் இருந்த ஒரு மனிதருமே.

இந்த உண்மைக்கு எங்கள் மலையிலேயே ஒரு சான்று உண்டு. ஜவ்வாது மலையின் காவலூரில் உள்ள வானாய்வுக் கூடத்தை உங்களில் சிலர் கண்டிருப்பீர்கள். அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் குறுக்களவு உடையது. அதற்கான கண்ணாடி ஜெர்மனியிலிருந்து வந்தது. வந்தபோது அது உயர்ந்த கண்ணாடிதான். ஆனால் நட்சத்திரம் எதையும் காட்டாது. பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கூடத்தில் அதனைத் தேய்த்தார்கள், சோதித்தார்கள், பிழை கண்டு மீண்டும் தேய்த்தார்கள். ஆண்டுக்கணக்கில் இவ்வேலை நடந்தது. அவசரப்பட்டு ஓரிடத்தில் அதிகமாகத் தேய்த்துவிட்டால், அந்த ஒரு பள்ளத்துக்காக ஆடி முழுவதையும் மீண்டும் சரிப்படுத்தவேண்டும். இப்பணியைக் கனவு கண்டு தொடங்கிய வேணு பாப்பு, முடிவைக் காணாமலே 1982-ஆம் ஆண்டில் காலமானார். பிறர் தொடர்ந்து முடித்தார்கள். 1986 ஜனவரி 6-ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி அத்தொலைநோக்கிக்கு அவர் பெயரைச் சூட்டினார். சிவராமகிருஷ்ணன் சிட்னியில் தம் கடைசி டெஸ்டை ஆடிய அதே வாரம் அது! ஒரு கண்ணாடிக்குக் காட்டிய பொறுமையை ஒரு பிள்ளைக்கு நாம் காட்டுகிறோமா?

பிறரைக் கேட்பதற்கு முன் என்னையே கேட்டுக்கொள்கிறேன். 1990-களில் என் வகுப்பில் ஒரு மலைவாழ் மாணவன் இருந்தான். காலணி இல்லாமல் மேட்டில் ஓடிப் பழகியவன். பதின்மூன்றாம் வயதில் சமவெளிக்கு அழைத்துச் சென்றேன். 1500 மீட்டரில் முதலாவதாக வந்தான். மாலை போட்டோம், ஊர்வலம் விட்டோம். பிறகு அவனை விடவில்லை. எந்தப் போட்டி அறிவிப்பு வந்தாலும் அவன் பெயரை எழுதினேன். வயதில் மூத்தவர்களோடும் ஓடவைத்தேன். எளிதிலிருந்து அரிதுக்குப் படிப்படியாக அழைத்துச் செல்லவேண்டும் என்று ஆசிரியப் பயிற்சியில் கற்றவன்தான் நான், கணக்குப் பாடத்தில் அதனைக் கடைப்பிடித்தேன், மைதானத்தில் மறந்தேன். இரண்டாம் ஆண்டில் அவன் தோற்றான். கூட்டத்தில் சிலர் மலைப்பையன் என்று கேலி பேசினார்கள். நானோ, "ஏன் தோற்றாய்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, மற்ற மாணவர்களோடு பேருந்தில் முன்னிருக்கையில் உட்கார்ந்துகொண்டேன். மலையடிவாரத்தில் இறங்கி அவன் தனியே நடந்து போனான். சாமை அறுவடைக்குச் சென்றவன் பள்ளிக்குத் திரும்பவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின், நான் ஓய்வுபெறும் தறுவாயில், தன் மகளைப் பள்ளியில் சேர்க்க அவனே வந்தான். நல்ல உழவனாக, நிறைவோடு வாழ்கிறான். கையெழுத்திட்டபின் சொன்னான்: "ஐயா, இவளும் நல்லா ஓடுவா. ஓடட்டும். ஆனா தோத்த அன்னிக்கு வீடு வரைக்கும் இவ கூட யாராவது நடந்து வரணும்." அவன் என்னைக் குற்றம் சாட்டவில்லை. அதனால்தான் அச்சொல் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

மாணவர்களே, உங்களில் திறமை மிக்கவர்களுக்கு ஒன்று சொல்வேன். இன்று எளிதாக வருவது நாளை எளிதாக வராது. அந்த நாள் வரும்போது உங்கள் திறமை போய்விட்டதென்று எண்ணாதீர்கள். இரண்டாம் பாடம் தொடங்கிவிட்டதென்று எண்ணுங்கள். உங்கள் பிழையை அன்போடு எடுத்துக்காட்டும் ஒருவரை முன்கூட்டியே தேடிக்கொள்ளுங்கள். திறமை உங்களுடையது, அதனைக் கொண்டு பிறர் கட்டும் மனக்கோட்டைகள் உங்கள் கடன் அல்ல. சிவராமகிருஷ்ணனும் ஆட்டத்தோடு தம் வாழ்வு முடிந்ததென்று இருந்துவிடவில்லை; வருணனையாளராகி, அந்தக் கலையின் நுட்பத்தைப் பிறருக்கு எடுத்துரைத்தார். பம்பாயில் அவர் எடுத்த பன்னிரண்டு விக்கெட்டுகளும் எவராலும் அழிக்கமுடியாதவை. அதைத் தோல்வி என்று அழைக்க நமக்கு என்ன உரிமை?

அத்தகைய திறமை இல்லாத மற்றவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. அதுவே பெரிய வேலை. உங்கள் வகுப்புத் தோழன் வெல்லும் நாளில் அவனைத் தூக்கிக் கொண்டாட ஆயிரம் பேர் வருவார்கள். அவன் தோற்கும் நாளில் நீங்கள் செல்லுங்கள். காரணம் கேட்கவேண்டாம், உடன் நடந்தால் போதும்.

பயிர் முளையிலே தெரியும் என்பது உண்மைதான். ஆனால் எங்கள் மலை உழவன் முளையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதில்லை. களை பிடுங்குகிறான், மழைக்குக் காத்திருக்கிறான், இரவில் காவல் இருக்கிறான். விளைச்சல் என்பது முளையின் பெருமை மட்டுமன்று, உடன் இருந்தவனின் பெருமையுமாகும்.